மறு: கலைச்சொல் – மின் தாய்ப்பால் பம்ப்: உறிஞ்சியா, எடுப்பானா?

> "தாய்ப்பால் உறிஞ்சி" போதுமே. கருவி உறிஞ்சத்தானே செய்கிறது?

வணக்கம்.

உறிஞ்சல் பாதி வேலைதான். வெறும் இழுப்புக்கு மார்பிலுள்ள பால் அதிகம் வராது. குழந்தை முதலில் நொடிக்கு இரண்டு முறை அளவில் மெலிதாகச் சப்பும். அந்தத் தூண்டலில் தாய்க்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரந்து, பால் நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்கள் சுருங்கிப் பாலைக் குழாய்களுக்குள் தள்ளும். பால் இறங்கியபின் குழந்தை நொடிக்கு ஒன்று என நிதானித்து, ஆழமாக இழுத்து விழுங்கும்.

இந்த இரண்டு நடையையும் பம்ப் அப்படியே பின்பற்றுகிறது. மோட்டார் ஒரு சவ்வை அசைத்து வெற்றிடம் உண்டாக்கி, உடனே விடுவிக்கிறது. தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சுமார் 120 இழுப்பு, மெல்லியதாக. ஓரிரு நிமிடத்தில் பால் வரத் தொடங்கியதும் 60 அளவுக்குக் குறைந்து, இழுப்பின் வலு கூடும். முதல் கட்டத்தைச் "சுரப்புத்தூண்டல்", அடுத்ததைப் "பீச்சல்" எனலாமா?

———

> "சுரப்புத்தூண்டல்", "பீச்சல்"

வணக்கம் ஐயா. உங்கள் விளக்கத்தோடு முழுக்க உடன்படுகிறேன், ஆனால் இரண்டு சொல்லும் இடறுகின்றன. பால் சுரப்பது புரோலாக்டின் என்ற ஹார்மோனின் வேலை. அது முன்பே நடந்துவிட்டது. பம்ப் முதலில் தூண்டுவது சுரந்த பால் இறங்குவதை. தாய்மார் வாயிலேயே "பால் இறங்குது" இருக்கிறதே! "இறக்கத்தூண்டல்" என்போம். பீச்சுவது கையால் அழுத்தி, பம்ப் அழுத்துவதில்லை. "பால் எடுத்து வைத்தேன்" என்கிறார்கள், எனவே கட்டம் "பாலெடுப்பு", கருவி "பாலெடுப்பான்".

"உறிஞ்சி" என்ற பெயரை நான் அழுத்தமாக மறுக்கக் காரணம் உண்டு. பால் குறைந்தால் இழுப்பைக் கூட்டவேண்டும் என்று அது நினைக்க வைக்கிறது. வலி வந்தால் ஆக்சிடோசின் தடைப்பட்டுப் பால் இன்னும் குறையும். வலிக்காத உச்ச அளவில் நிறுத்துவதே சரி. பம்புக்கான கையேட்டில் இதையும் எழுதுங்கள்: மார்பில் பொருத்தும் புனலின் குழலுக்குள் காம்பு உரசாமல் முன்பின் நகரவேண்டும், கருவளையம் அதிகம் உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. மோட்டார் சத்தம் மாறாமல் இழுப்பு மட்டும் குறைந்தால், முதலில் வாத்தலகு வால்வைப் பாருங்கள். வாத்தின் அலகு போன்ற சிலிக்கோன் துண்டுதான். அதன் நுனிப் பிளவு கொஞ்சம் கிழிந்தாலும், விரிந்தே நின்றாலும் காற்று நுழைந்து வெற்றிடம் நிற்காது. கழுவும்போது பிளவுக்குள் பிரஷ் விட்டால் கிழியக்கூடும்.

"வாத்தலகு வால்வு" அப்படியே இருக்கட்டும். பார்த்ததும் புரியும்.