அறுபதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

ஈரோடு மஞ்சள்
அப்பாவுக்கு 71 வயது. விடியற்காலையில் எழுந்து பூங்காவுக்குப் போய் முக்கால் மணி நேரம் நடக்காமல் காபிகூடக் குடிக்க மாட்டார். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. ஆனால் கோயிலில் தரையில் உட்கார்ந்தால் தூணைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றி, முன்னும் பின்னும் ஆடி, ஒரு உந்து உந்தித்தான் எழுகிறார். தினமும் நடக்கிறவருக்கு ஏன் இப்படி? எடை தூக்கும் பயிற்சியில் சேர்க்கலாம் என்கிறான் தம்பி. அப்பா கேட்பதாக இல்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பிசியோ திருச்சி
உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. நடை இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் சமதரையில் நடக்க, தொடைத் தசையின் முழு பலம் தேவைப்படுவதில்லை. உட்கார்ந்து எழவும், படி ஏறவும், கால் இடறும்போது சட்டென்று ஊன்றிக்கொள்ளவும் வேகமாகச் சுருங்கும் தசை இழைகள் வேண்டும். வயது ஏற ஏற முதலில் மெலிவது அவைதான். நிதானமான நடையில் அவற்றுக்கு வேலையே கிடையாது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதலில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மூன்று விஷயங்கள் உண்டு. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி, மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. நம் ஊரில் முதலாவதைச் செய்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறோம்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
எனக்கு 74. பிசியோ தம்பி சொல்வது புத்தகத்தில் சரி. ஆனால் வயதானவர்கள் எதைத் தொடர்ந்து செய்வார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நடைக்குச் செலவில்லை, கருவி வேண்டாம், சொல்லித்தர ஆள் வேண்டாம். தமிழ்நாடு அரசே 2023-இல் ‘நடப்போம் நலம் பெறுவோம்’ என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதை வைத்ததே, எதனால்? மக்களால் முடிந்தது அதுதான்.

அமெரிக்காவில் 16,741 வயதான பெண்களை வைத்துச் செய்த ஆய்வு 2019-இல் வந்தது. அவர்களின் சராசரி வயது 72. நாளுக்கு 4,400 காலடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைவாக இருந்தது. 2014-இல் வந்த இன்னொரு ஆய்வில் 70 முதல் 89 வயது வரை 1,635 பேர். அதிலும் நடைதான் முக்கியப் பயிற்சி. 400 மீட்டர் நடக்கும் திறனை இழந்தவர்கள் பயிற்சி செய்த குழுவில் குறைவு. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்? எழுபது வயதில் எடையைத் தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பிசியோ திருச்சி
ஐயா, நீங்கள் சொன்ன 2014 ஆய்வை முழுதாகப் பாருங்கள். அதில் நடையோடு கால் வலுப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் சேர்ந்தே இருந்தன. வெறும் நடைக்கு அந்தப் பெருமையைக் கொடுக்க முடியாது. 2019 ஆய்வு ஆயுளைப் பற்றியது. எழுந்து நிற்க முடிகிறதா என்பது அதில் கேள்வியே இல்லை.

கீழே விழுவதைப் பற்றி காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு 2019-இல் 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. சமநிலைப் பயிற்சியும் அன்றாட அசைவுகளை ஒட்டிய பயிற்சியும் விழுவதை ஏறக்குறைய கால்பங்கு குறைக்கின்றன. நடை மட்டும் குறைக்குமா என்றால், உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதியிருக்கிறார்கள். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களில் தினமும் நடந்தவர்களும் நிறைய. எனக்கு இதில் கோபமே வரும். அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லவே இல்லை.

வயதும் தடையில்லை. பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரை இருந்தவர்களுக்கு எட்டு வாரம் கால் வலுப் பயிற்சி கொடுத்து, அதன் முடிவை 1990-இல் வெளியிட்டார்கள். கால் வலு இரண்டு மடங்குக்கு மேல் கூடியது.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அந்த பாஸ்டன் ஆய்வில் இருந்தது பத்தே பேர். பக்கத்திலேயே மருத்துவர். ஈரோட்டில் யார் நிற்பார்கள்?

பிசியோ திருச்சி
1994-இல் அதே குழு 100 பேரை வைத்துச் செய்தது ஐயா. சராசரி வயது 87. அப்போதும் வலு கூடியது. பக்கத்தில் ஆள் வேண்டும் என்பது நியாயமான பேச்சு. முதல் சில வாரம் கட்டாயம் வேண்டும்.

கழனிக்காரன்
நீங்கள் எல்லாரும் ஆபீஸில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் அம்மா நாற்பது வருஷம் நாற்று நட்டு, களை பறித்தவர். இரண்டு முட்டியும் தேய்ந்துவிட்டது. இறங்கு படியில் பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு காலாக வைத்துத்தான் இறங்குவார். இவரிடம் போய் இன்னும் உடற்பயிற்சி செய் என்றால் எப்படி? உழைத்த உடம்புக்கு ஓய்வுதான் மருந்து.

மாடிவீடு
எட்டு நடை போடச் சொல்லுங்கள். மொட்டைமாடியில் சாக்பீஸால் எட்டு வரைந்து நான் தினமும் நடக்கிறேன். உடம்பு இலேசாக இருக்கிறது.

பிசியோ திருச்சி
@மாடிவீடு, எட்டில் திரும்பித் திரும்பி நடப்பதால் நேர் நடையைவிடச் சமநிலைக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை உண்டு. செய்யுங்கள். ஆனால் அதுவும் தொடையை வலுவாக்காது.

@கழனிக்காரன், அம்மாவின் வலியை நான் சின்னதாக நினைக்கவில்லை. வயல் வேலை என்பது பல மணி நேரம் ஒரே பக்கமாகக் குனிந்து, வயிற்றுக்கும் சரியாக இல்லாமல் செய்தது. பயிற்சி அப்படி அல்ல. பத்து தடவை செய்து, நிறுத்தி, அடுத்த நாள் ஓய்வு கொடுப்பது. முட்டித் தேய்மானத்துக்கு மாத்திரைக்கு முன்னாலேயே சொல்லப்படும் சிகிச்சை தொடைத் தசையை வலுவாக்குவதுதான். படுத்தே இருந்தால் முட்டி இன்னும் இறுகும். நாற்காலியில் உட்கார்ந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்கட்டும். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் 2021-லிருந்து வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

சாப்பாடும் முக்கியம். வயதானவர்களுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் நல்லது என்பது முதியோர் ஊட்டச்சத்து வல்லுநர்கள் பலரின் கருத்து. 60 கிலோ உள்ளவருக்கு 60 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான் கிடைக்கும். இரவில் இரண்டு இட்லியோடு முடித்துக்கொண்டால் தசை எங்கிருந்து வரும்? சுண்டல், பருப்பு, தயிர், மீன் எது ஒத்துக்கொள்கிறதோ அதைக் கூட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்காமல் கூட்டக் கூடாது.

கழனிக்காரன்
சுகாதார நிலையத்தில் கேட்கிறேன். ஆனால் வலி கூடினால் நிறுத்திவிடுவேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
நான் இன்னும் நடையின் பக்கம்தான். காரணம் தசை அல்ல. மனைவி போன பிறகு நான் பேசுகிற பேச்செல்லாம் காலை நடையில் கூட வருகிற நண்பர்களோடுதான். பயிற்சி என்ற பெயரில் ஒருவரை வீட்டுக்குள் தனியாக நாற்காலியோடு உட்கார வைத்துவிட்டு, பூங்காவை நிறுத்திவிடாதீர்கள். பெண்ணே, அப்பா நடப்பதை விடவே கூடாது.

ஈரோடு மஞ்சள்
ஐயா, அதை நிறுத்த மாட்டோம். பூங்காவில் அப்பாவின் கூட்டாளிகள் நாலைந்து பேர் உண்டு. நடை முடிந்து பெஞ்சில் உட்காரும்போது எல்லாருமாகச் சேர்ந்து உட்கார்ந்து எழுந்தால் கூச்சம் இருக்காது என்று நினைக்கிறேன். பிரஷர் மாத்திரை போடுகிறார், அதனால் ஏதும் பாதிப்பு உண்டா?

பிசியோ திருச்சி
அருமையான யோசனை. பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு எழுந்ததும் தலை சுற்றலாம். அதனால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பூங்கா பெஞ்சு தாழ்வாக இருந்தால் முதல் வாரம் வீட்டில் சுவரோரமாகப் போட்ட உயரமான நாற்காலியே போதும். கையை ஊன்றாமல் எழ முடியும் உயரத்தில் தொடங்கட்டும், முடியாவிட்டால் ஒரு தலையணை போட்டு உயர்த்துங்கள். எழும்போது மூச்சை அடக்காமல் வெளியே விட வேண்டும். எட்டு தடவை, ஓய்வு, மறுபடி எட்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். உட்காரும்போது பொத்தென்று விழாமல் மெதுவாக இறங்கச் சொல்லுங்கள். தசைக்கு அந்த இறக்கத்திலும் நல்ல வேலை உண்டு.