தலைமை நீதிபதி இதயத்துல்லா பொறுப்பு ஜனாதிபதியான 1969: அதையொட்டி உங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லுங்கள்

மஞ்சக்குப்பத்தான்:
கடலூர் கோர்ட்டுக்கு எதிர் டீக்கடை. வாய்தாவுக்கு வந்த என் கட்சிக்காரர், பேங்க் கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவர். பேச்சு 1969 பக்கம் போச்சு. "பதினாலு பேங்க்கை நாட்டுடைமை ஆக்கின சட்டத்துல கையெழுத்துப் போட்டது ஒரு ஜட்ஜ், அப்ப பொறுப்பு ஜனாதிபதியா இருந்த இதயத்துல்லா, தெரியுமா தம்பி?"ன்னார். டம்ளரை பெஞ்சுல வச்சுட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "அதே சட்டத்தை எதிர்த்து கேஸ் வந்தப்ப அவர் பெஞ்சுல உட்காரல. நீதிபதி ஜே.சி.ஷா தலைமையில பதினோரு பேர் உட்கார்ந்தாங்க. 1970 பிப்ரவரி 10, பத்துக்கு ஒண்ணுன்னு சட்டம் செல்லாதுன்னு தீர்ப்பு வந்துச்சு. நாங்க கலங்கிப் போயிட்டோம். ஆனா அவர் மேல ஒருத்தனுக்கும் கோபம் வரல." இன்னும் அந்தப் பிடி கையில இருக்கு.

காலாப்பட்டு மாணவி:
வக்கீல் சார், மன்னிக்கணும். நாட்டுடைமை ஆக்கியது அப்போது பொறுப்பு ஜனாதிபதியாக இருந்த வி.வி.கிரி. ஜூலை 19 அவசரச் சட்டம் அவருடையது. மறுநாள்தான் ஜனாதிபதி தேர்தலில் நிற்க ராஜினாமா செய்தார்.
என் மனதில் நிற்பது வேறு. ஜனாதிபதி ஜாகிர் உசேன் மே 3 அன்று இறந்ததும் துணைக் குடியரசுத் தலைவர் கிரி பொறுப்பேற்றார். "அவரும் விலகினால் அந்த நாற்காலியில் யார்?" என்று வகுப்பில் சார் கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. அரசியல் சாசனத்திலேயே நேரடி விடை இல்லை, அதனால்தான் அந்த மே மாதமே தலைமை நீதிபதி பொறுப்பேற்கலாம் என்று நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது என்றார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்தச் சட்டம் வராமல் இருந்திருந்தால்?

நெல்லிக்குப்பம் அண்ணன்:
தங்கச்சி, ரெண்டு பேர் சொல்றதும் சரி. அவசரச் சட்டம் கிரி, ஆகஸ்ட் 9 அன்னிக்கு மசோதாவுக்கு ஒப்புதல் இதயத்துல்லா. என் தம்பிக்கு நேர்முகத் தேர்வுல இந்த இடத்துலதான் நாக்கு ஒட்டிக்கிச்சு. வெளியே வந்து என் தோள்ல சாஞ்சு நின்னான்.
குரூப் தேர்வு எழுதற பிள்ளைங்களுக்குச் சொல்றேன். தேதியைத் தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, காரணத்தோட கோத்துப் படிங்க. ஜூலை 20ல இருந்து ஆகஸ்ட் 24 வரை இதயத்துல்லா பொறுப்பு ஜனாதிபதி, ஏன்னா 24ல கிரி ஜெயிச்சு பதவியேத்தார். அந்த நாட்கள்ல உச்ச நீதிமன்றத்தைப் பார்த்துக்கிட்டது ஷா. 1979ல இவரே போட்டியில்லாம துணைக் குடியரசுத் தலைவர். 1982 அக்டோபர்ல ஜெயில் சிங் சிகிச்சைக்கு அமெரிக்கா போனப்ப மறுபடி பொறுப்பு. தலைமை நீதிபதி, பொறுப்பு ஜனாதிபதி, துணைக் குடியரசுத் தலைவர்னு மூணு பதவியும் வகிச்சவர் இவர் ஒருத்தர்தான். பழைய வினாத்தாளை எடுத்து வச்சுப் பாருங்க. ராத்திரி கண் முழிக்காதீங்க, விடியக்காலை படிங்க.

முல்லா வீதி:
அண்ணே, இங்க யாரும் தேர்வுக்கு வழி கேட்கல. அவரை ஒரு மார்க் கேள்வியா சுருக்குறது எனக்கு வலிக்குது.
எங்க நன்னா, அதாவது தாத்தா, புதுச்சேரியில கடை வச்சிருந்தவர். 1969ல அமெரிக்க ஜனாதிபதி நிக்ஸன் டெல்லிக்கு வந்தப்ப வரவேற்றது இதயத்துல்லாதான். அந்தப் படம் வந்த பேப்பரை நன்னா கல்லாப்பெட்டிக்கு மேல ஒட்டி வச்சிருந்தாராம். நான் ஸ்கூல் படிக்கிறப்ப கடைக்கு வந்த ஒருத்தர், "அரசாங்கம் நீட்டின இடத்துல கையெழுத்துப் போட்டவர்தானே"ன்னார். நன்னா அதிர்ந்து பேசாதவர். அன்னிக்கு எழுந்து நின்னுட்டார். "முன்னாள் மன்னர்களுக்கு அரசாங்கம் கொடுத்துட்டு வந்த மானியத்தை நிறுத்தி அரசாங்கம் போட்ட உத்தரவைச் செல்லாதுன்னு சொன்ன பெஞ்சுக்குத் தலைமை யாரு? 1970 டிசம்பர் 15. மறுநாள் ஓய்வு பெறப்போற மனுஷன். யாருக்குப் பயந்தார்?"
வந்தவர் சாமான் வாங்காமலே போயிட்டார். நன்னா கூப்பிடவும் இல்லை.

மஞ்சக்குப்பத்தான்:
சகோதரி, அந்தத் தீர்ப்பை எங்க பார் அசோசியேஷன்ல இன்னும் ரெண்டு கட்சியா நின்னு பேசுவாங்க. மன்னர்களுக்குப் பணம் எதுக்குங்கறது என் கட்சி. ஆனாலும் உங்க நன்னா பேசினதைக் கேட்டா என் கட்சிக்காரர் சந்தோஷப்படுவார். அடுத்த வாய்தாவுல சொல்றேன்.