ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் நலமான வாத்துகளையும் அழிக்கத்தான் வேண்டுமா?

கேள்வி: கிடைக்காரர் (தென்காசி மாவட்டம்)

அனைவருக்கும் வணக்கம். நான் வாத்து வளர்ப்பவன். அறுவடை முடிந்த வயலில் கிடை போட்டு, சிந்திய நெல்லையும் நத்தையையும் மேயவிட்டு, நெல்தாளை மடக்கி உழுததும் அடுத்த ஊருக்கு ஓட்டிச் செல்வதுதான் எங்கள் பிழைப்பு. ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் என்று செய்தி வரும்போதெல்லாம் கேரள எல்லையில் உள்ள புளியரைச் சோதனைச் சாவடியில் லாரிகளுக்கு மருந்து தெளிக்கிறார்கள். எங்களுக்கும் தூக்கம் போய்விடுகிறது. 2021 ஜனவரியிலும் 2024 ஏப்ரலிலும் அங்கே நோய் கண்ட இடத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த கோழி, வாத்து எல்லாவற்றையும் அரசே அழித்தது. நோய் வந்த பறவையை அழிப்பது புரிகிறது. ஒரு குறையும் இல்லாமல் மேய்ந்துகொண்டிருக்கும் பக்கத்துக் கிடையை ஏன் அழிக்க வேண்டும்? மாட்டுக்குக் கோமாரி வந்தால் யாரும் ஊர் மாடுகளைக் கொல்வதில்லை, ஊசிதானே போடுகிறார்கள்? அதே வழி பறவைக்கு மட்டும் ஏன் இல்லை?

இன்னொன்றையும் ஒளிக்காமல் கேட்கிறேன். நம் பக்கம் அப்படி ஓர் ஆணை வந்தால், அதிகாரிகள் வருவதற்குள் இரவோடு இரவாகக் கிடையை வேறு ஊருக்கு ஓட்டிவிடு என்று தொழிலில் மூத்தவர்களே சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

மறுமொழி 1: கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு)

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரமானது. ஓட்டாதீர்கள். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2009-இன்படி நோய் இருப்பதாக ஐயம் வந்தாலே தெரிவிக்க வேண்டிய கடமை வளர்ப்பவருக்கு உண்டு. அறிவிக்கப்பட்ட பகுதியிலிருந்து பறவைகளை வெளியே கொண்டு செல்வது குற்றம். சட்டத்தை விடுங்கள். நீங்கள் ஓட்டிச் செல்லும் ஊரிலும் உங்களைப் போல ஒருவர் கிடை போட்டிருப்பார். உங்கள் பறவைகளோடு நோயும் போனால், அவருடைய கிடைக்கும் அவரைச் சுற்றியுள்ள வீட்டுக் கோழிகளுக்கும் முடிவு எழுதியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

இப்போது நலமான பறவை பற்றி. கோழிக்கு இந்த வைரஸ் வந்தால் ஓரிரு நாளில் கொட்டகைக் கோழிகள் எல்லாமே செத்து விழுந்துவிடும், மறைக்க முடியாது. வாத்து அப்படியன்று. சில வகை வைரஸ்களுக்கு வாத்துகளும் கழுத்தைத் திருகிக்கொண்டு, நீந்த முடியாமல் சுற்றிச் சுற்றி வந்து சாகின்றன என்பது உண்மை. ஆயினும் பல வாத்துகள் வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் எச்சத்தில் வைரஸைக் கழித்துக்கொண்டே இருக்கக்கூடியவை. அந்த எச்சம் வாய்க்கால் தண்ணீரில் கலந்து அடுத்த வயலுக்குப் போகிறது. நாம் நலமாக இருப்பதாகக் காணும் கிடையில் எது தொற்றுள்ளது என்பதைக் கண்ணால் பிரிக்க முடியாது; ஒவ்வொன்றாகச் சோதித்து முடிப்பதற்குள் நோய் முந்திக்கொள்ளும். ஆகவேதான் போபாலில் உள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்கு நோய் ஆய்வகம் நோயை உறுதிசெய்ததும், ஒரு கிலோமீட்டர் வரை தொற்றுப் பகுதி, அதற்கு வெளியே பத்துக் கிலோமீட்டர் வரை கண்காணிப்புப் பகுதி என்று வட்டம் போடுகிறார்கள். தொற்றுப் பகுதியில் அழிப்பு. கண்காணிப்புப் பகுதியில் மாதிரி எடுப்பும் விற்பனைக் கட்டுப்பாடும்.

கோமாரியோடு ஒப்பிட்டது நியாயமான கேள்வி. கோமாரி நம் நாடெங்கும் நெடுங்காலமாக வேரூன்றிய நோய். கறவை குறையும், வாயிலும் குளம்பிலும் புண் வரும், கன்றுகள் சாகலாம். வளர்ந்த மாடு பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். எங்கும் இருக்கும் நோயை அழிப்பால் விரட்ட முடியாது, அதனால் ஊசி. பறவைக் காய்ச்சலில் மனித உயிர் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கிறது. 1997-இல் ஹாங்காங்கில் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ் 18 பேரைத் தொற்றி 6 பேரைப் பலிகொண்டது. அவ்வூரின் கோழிகள் அனைத்தையும், பத்து லட்சத்துக்கும் மேல், சில நாள்களில் அழித்த பிறகே அங்கே தொற்று நின்றது. இந்தியாவில் 2021-இல் ஹரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவன் இதே வைரஸால் டெல்லியில் இறந்தான். மனிதருக்கு அரிதாகவே வருகிறது என்பதால் பீதி வேண்டாம். நன்றாக வேகவைத்த முட்டையாலும் இறைச்சியாலும் நோய் வராது. ஆனால் பறவைகளைக் கையால் பிடிப்பவர்கள், அதாவது நீங்களும் உங்கள் வீட்டாரும்தான், முன்வரிசையில் நிற்கிறீர்கள்.

தடுப்பூசியே இல்லை என்பதும் சரியன்று. சீனா நெடுநாளாகப் போடுகிறது. பிரான்ஸ் 2023 அக்டோபரில் தன் வாத்துப் பண்ணைகளுக்குப் போடத் தொடங்கியது. 2021–22 பருவத்தில் 1,300-க்கும் மேற்பட்ட பண்ணைகளில் நோய் கண்ட அந்நாட்டில், 2023–24-இல் அது பத்து அளவில் அடங்கியது. ஊசியின் சிக்கல் என்னவென்றால், அது நோயைத் தடுக்கும் அளவுக்குத் தொற்றைத் தடுப்பதில்லை. ஊசி போட்ட பறவை தெம்பாக நின்றுகொண்டே வைரஸைப் பரப்பினால் யாருக்கும் தெரியாது; ஆகவே விடாத பரிசோதனை வேண்டும். வாங்கும் நாடுகளும் தயங்கும். பிரான்ஸ் ஊசி போடத் தொடங்கியதும் அமெரிக்கா அங்கிருந்து வரும் கோழி, வாத்து இறக்குமதிக்குத் தடை போட்டது. நாமக்கல் முட்டை கப்பலேறும் நம் மாநிலத்தில் இந்தத் தயக்கத்தின் எடை பெரிது. எனினும், ஆண்டுதோறும் நோய் திரும்பும் தாழ்நிலப் பகுதிகளில் வாத்துக்கு மட்டுமாவது ஊசியைப் பற்றி அரசு தீவிரமாகச் சிந்திக்க வேண்டும் என்பது என் கருத்து.

மறுமொழி 2: கோட்டயத்தில் குடியிருப்பவர்

மருத்துவர் ஐயா சொன்ன அறிவியலில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நான் சொல்ல வருவது, அந்த ஆணை வயலில் இறங்கும்போது எப்படி இருக்கும் என்பதை. ஆலப்புழைப் பக்கத்துக் குட்டநாடு கடல்மட்டத்துக்கும் கீழே இருக்கும் நிலம். குழி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அதனால் விறகு அடுக்கி எரிப்பதே வழக்கம். முழு உடல் பாதுகாப்பு உடை அணிந்த பணியாளர்கள் வெயிலில் வியர்த்துக் கொட்டியபடி வாத்துகளைப் பிடித்துச் சாக்கில் போடுவார்கள். அவர்களும் மனிதர்கள்தான், அந்த வேலையை விரும்பிச் செய்தவர் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

எங்கள் உறவினர் ஒருவரின் கிடையை அழித்த அன்று நடந்த வாக்குவாதம் நோயைப் பற்றியதன்று, வயதைப் பற்றியது. இங்கே கேரளத்தில் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட வாத்துக்கு 200 ரூபாய், அதற்குக் குறைந்ததற்கு 100 ரூபாய், முட்டைக்கு 5 ரூபாய் என்பது அரசு அறிவித்த இழப்பீடு. வாத்துக்கான தொகை 2014-இலும் இதுதான், 2021-இலும் இதுதான். ஒரு குஞ்சுக் கூட்டம் இரண்டு மாதத்தைத் தொட்டதா இல்லையா என்று சிறகைப் பார்த்து ஒருவர் ஒன்று சொல்ல, பொரித்த தேதியைச் சொல்லி இவர் மன்றாட, கணக்கு எழுதுபவர் குறைந்த தொகையையே எழுதினார். கிறிஸ்துமஸ் சந்தைக்கு என்று கடன் வாங்கித் தீவனம் போட்டு வளர்த்தவை அவை. சந்தையில் கிடைக்கும் விலை இந்தத் தொகையைவிட அதிகம் என்பது வாத்து வாங்கிச் சமைக்கும் எவருக்கும் தெரியும்.

அதைவிட வலித்தது இன்னொன்று. இழப்பீடு அரசு அழித்த பறவைக்குத்தான். அழிப்பதற்கு முன் நோயால் செத்தவை கணக்கில் வரவில்லை. மாதிரி போபாலுக்குப் போய் முடிவு வரும் நாள்களில் அவருடைய கிடையில் பெரும்பகுதி தானே செத்துவிட்டது. முதலில் தெரிவித்தவர் அவர்தான். அக்கம்பக்கத்தாரைக் காப்பாற்றியவரும் அவர்தான். அதிகம் இழந்தவரும் அவரேயானார். எழுதிய தொகையும் கைக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. அடுத்த முறை அவர் முதல் வாத்து சாகும்போதே தொலைபேசியை எடுப்பாரா என்று எனக்கு உறுதியாகத் தெரியவில்லை. கிடைக்காரர் கேட்ட அந்த இரவு யோசனை பிறப்பது இங்கேதான்.

மறுமொழி 3: கார்லைல், இங்கிலாந்து

கோமாரிக்கு யாரும் மாட்டைக் கொல்வதில்லை என்று கேள்வியில் இருந்ததால் எழுதுகிறேன். நான் வசிக்கும் கம்பிரியா வட்டாரத்தில் கொன்றார்கள். 2001 பிப்ரவரியில் எசெக்ஸில் உள்ள ஓர் இறைச்சிக் கூடத்தில் பன்றிகளுக்குக் கோமாரி கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குள் ஆட்டுச் சந்தைகள் வழியாக நோய் நாட்டின் பல மூலைகளுக்குப் போய்விட்டிருந்தது. நோய் கண்ட பண்ணையில் 24 மணி நேரத்துக்குள்ளும், அதை ஒட்டிய பண்ணைகளில் 48 மணி நேரத்துக்குள்ளும் அழிப்பு என்று ஆணை. நோய் உறுதியான பண்ணைகள் 2,026. கொல்லப்பட்ட கால்நடைகள் அறுபது லட்சத்துக்கும் மேல். கார்லைலுக்கு அருகே கிரேட் ஆர்ட்டன் பழைய விமானத்தளத்தில் இராணுவ மேற்பார்வையில் நாலரை லட்சத்துக்கும் மேற்பட்ட உடல்கள் புதைக்கப்பட்டன. பொதுத்தேர்தலையே ஒரு மாதம் தள்ளிவைத்தார்கள்.

இழப்பீடு இங்கே தாராளம். நூறு கோடி பவுண்டுக்கும் மேல் கொடுத்தார்கள். ஆயினும் பணத்தால் வாங்க முடியாத ஒன்று போனது. மலையில் மேயும் செம்மறியாடுகள் வேலியில்லாத மேய்ச்சல் நிலத்தில் தம் எல்லையைத் தாயிடமிருந்து கற்றுக்கொள்பவை. ஒரு மந்தை முழுவதும் அழிந்தால், புதிதாக வாங்கி விட்ட ஆடுகளுக்கு அந்த மலை தெரியாது. அண்டைப் பண்ணைகளின் அழிப்பு அந்த அளவுக்குத் தேவைதானா என்று நோயியல் அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். வட்டம் வரைவது எளிது. காற்று, தண்ணீர், சாலை, சந்தை ஆகியவை வட்டத்துக்குள் அடங்குவதில்லை என்பதால், எந்தப் பண்ணைக்கு எதனோடு உண்மையில் தொடர்பு இருந்தது என்று பார்த்து முடிவெடுக்க உள்ளூர் மருத்துவருக்கு உரிமை இருக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கிடைக்காரர்

மூவருக்கும் நன்றி. ஓட்டிச் செல்லும் எண்ணத்தை விட்டுவிட்டேன். வாய்க்கால் தண்ணீர் பற்றி ஐயா சொன்னது மனத்தில் தைத்தது. அப்படியானால் என்னைப் போன்றவன் இன்றே செய்துவைக்க வேண்டியது என்ன?

மறுமொழி 1: கால்நடை மருத்துவர் (பணி ஓய்வு)

கோட்டயத்து நண்பர் சொன்ன வயதுச் சண்டை உங்களுக்கு வரக்கூடாது என்றால் எழுத்தில் ஆதாரம் வேண்டும். குஞ்சு வாங்கிய ரசீதைத் தேதியோடு வையுங்கள். கிடையில் எத்தனை உருப்படி, எத்தனை விற்றது, எத்தனை செத்தது என்று ஒரு நோட்டில் வாரம் ஒருமுறையாவது எழுதி, அருகிலுள்ள கால்நடை மருந்தக மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க முயலுங்கள். ஒரே நாளில் வழக்கத்துக்கு மாறாகப் பல பறவைகள் செத்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், வாய்க்காலில் எறியாதீர்கள், கிடையை நகர்த்தாமல் உடனே தகவல் சொல்லி, சொன்ன நாளையும் நேரத்தையும் எழுத்தில் பதிந்துகொள்ளுங்கள். உங்கள் பக்கத்துக் கிடைக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு, தகவல் தெரிவித்த நாளுக்குப் பின் தானாகச் செத்த பறவைக்கும் இழப்பீடு வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். இழப்பீட்டில் பாதி மத்திய அரசுடையது, பாதி மாநில அரசுடையது. ஆகவே இரண்டு பக்கமும் போய்ச் சேரும்படி மனு எழுத வேண்டும். வரைவு தேவையென்றால் நான் எழுதித் தருகிறேன்.