மன்னார்குடி–தஞ்சாவூர் ரோட்டுக்கு ஹைப்ரிட் கார் சரிவருமா? குடும்பக் குழுவில்

கணேசன்: புது வண்டி எடுக்கணும். மன்னார்குடியிலேருந்து வடுவூர் வழியா தஞ்சாவூர், தினம் போய்வர 75 கி.மீ. ஞாயிறு மட்டும் லீவு. எப்பவாவது சென்னை. மாருதி கிராண்ட் விட்டாரா, இல்லன்னா டொயோட்டா ஹைரைடர். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கா, ஹைப்ரிட்டா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

சரவணன்: மாமா, ஒரே வண்டியிலயே ரெண்டு வகை ஹைப்ரிட் இருக்கு, அதை முதல்ல பிரிச்சுக்கங்க. நீங்க சொல்ற பெட்ரோல் ஆட்டோமேட்டிக்தான் மைல்டு ஹைப்ரிட். அதுல பெல்ட்டோட சுத்துற சின்ன மோட்டார்தான். சிக்னல்ல நின்ன இன்ஜினை எழுப்பும், கிளம்பும்போது லேசா தள்ளிவிடும், அவ்வளவுதான். அந்த மோட்டார மட்டும் வச்சு வண்டி ஒரு அடி நகராது. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுல இன்ஜின் அணைஞ்சிருக்கும்போதே மோட்டார் வண்டியை ஓட்டும். பிரேக் புடிக்கும்போது வீணாப்போற விசையை கரண்ட்டாக்கி, மோட்டாரை ஓட்டுற பெரிய பேட்டரிக்கு அனுப்பும். மைல்டுலயும் இது உண்டு, ஆனா கொஞ்சம்தான். கொட்டேஷன்ல எது எழுதியிருக்குன்னு பாத்துட்டுப் பேசுங்க.

சரவணன்: கம்பெனி சொல்ற மைலேஜ் லிட்டருக்கு ஸ்ட்ராங்குக்கு 27.97 கி.மீ., மைல்டு ஆட்டோமேட்டிக்குக்கு 20.58. ரெண்டும் சோதனைக்கூடத்து நம்பர். நம்ம ரோட்டுக்கு 21, 14னு வச்சு கணக்கு போடுங்க.

கணேசன்: மீனா, கணக்கு உன் வேலை.

மீனா: போட்டுட்டேன் மாமா. வருஷம் சுமாரா 25,000 கி.மீ. வருது. 14ல ஓடினா 1,786 லிட்டர், 21ல ஓடினா 1,190. மிச்சம் 595 லிட்டர் பக்கம். லிட்டர் 102 ரூபாய்னு வச்சா வருஷத்துக்கு 60,700 ரூபாய்.

மீனா: விலை வித்தியாசம் ஆன்ரோடுல 3 லட்சம்னு வச்சுக்கங்க. அதையும் லோன்ல போட்டா, 9 சதவீதம், 5 வருஷம், மாசத் தவணை 6,230. பெட்ரோல்ல மிச்சமாகுறது மாசம் 5,060தான். லோன் முடியுற வரைக்கும் மாசம் 1,170 ரூபாய் கையிலேருந்து போகும். வட்டியோட சேத்துப் பாத்தா போட்ட காசு திரும்ப 6 வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகும். கைக்காசா கட்டினா 5 வருஷம்.

மீனா: ஷோரூம் விலையை மட்டும் ஒப்பிடாதீங்க. நம்ம மாநிலத்துல 10 லட்சத்துலேருந்து 20 லட்சம் வரைக்கும் ஆயுள் வரி 18 சதவீதம். ஷோரூம்ல 1 லட்சம் வித்தியாசம்னா ரோட்டுக்கு வரும்போது வரியிலயே 18,000 கூடியிருக்கும்.

ராஜி: அண்ணே, எனக்கும் இதே யோசனைதான் இருந்துச்சு. நாகப்பட்டினத்துக்குள்ள கடைத்தெரு, கோயில்னு வருஷம் 6,000 கி.மீ. ஓடினாலே பெருசு.

மீனா: அப்படின்னா வேண்டாம் சித்தி. உங்களுக்கு வருஷ மிச்சம் 14,500 ரூபாய்தான் வரும். 3 லட்சத்தைத் திரும்ப எடுக்க 20 வருஷம்.

செந்தில்: அத்தோட, கம்மியா ஓடுற வண்டிக்கு 12 வோல்ட் பேட்டரி பெரிய தொல்லை. ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுல பெரிய பேட்டரி எவ்வளவு நிறைஞ்சிருந்தாலும், அதை இணைக்கிற ரிலேயை மூடுறது 12 வோல்ட்டுதான். அது செத்துப்போச்சுன்னா வண்டி ஓடத் தயார்னு காட்டுற 'ரெடி' விளக்கு எரியாது, வண்டியும் கிளம்பாது. நிறுத்தி வைக்கிறவங்க ரெண்டு வாரத்துக்கு ஒருதடவை 'ரெடி'யில அரை மணி நேரம் விடணும். பாட்டு கேக்குற அளவுக்கு மட்டும் ஆன் பண்ணினா சார்ஜ் ஏறாது, இன்னும் இறங்கத்தான் செய்யும்.

கணேசன்: மாப்பிள்ளை, பெரிய பேட்டரி எத்தனை வருஷம் வரும்? எல்லாரும் அதைச் சொல்லித்தான் பயமுறுத்துறாங்க.

செந்தில்: வாரண்டி 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துதோ அது. இதுல நீங்க கவனிக்க வேண்டியது கி.மீ.தான் மாமா. வருஷம் 25,000னா ஆறரை வருஷத்துக்குள்ள 1,60,000 வந்துடும். மீனா சொன்ன கணக்குப்படி காசு திரும்புற காலமும் கிட்டத்தட்ட அதேதான். கணக்கு இறுகுற இடம் இது. கைக்காசு நிறையப் போட்டு லோனைக் குறைச்சீங்கன்னா ஒரு வருஷம் மூச்சு கிடைக்கும்.

சரவணன்: வாரண்டி முடிஞ்ச மறுநாளே பேட்டரி சாகாது மாமா. முழுசா ஏத்தி முழுசா இறக்குற வேலை அதுல கிடையாது, நடு அளவுலயே வச்சு ஓட்டும். அதைக் கொல்றது சூடு. அதைக் குளிர வைக்கிற காத்து பின் சீட்டு பக்கத்துல இருக்குற ஓட்டை வழியா போகுது. அதுல ஃபில்டர் இருக்கு. அறுவடை சமயத்துல நம்ம ரோட்டுல பதர், தூசி எவ்வளவுன்னு சொல்லவே வேண்டாம். 10,000 கி.மீ. சர்வீஸ்ல ஒவ்வொரு தடவையும் அந்த ஃபில்டரைக் கழட்டிக் காட்டச் சொல்லுங்க. சீட் கவர், துண்டு, பை எதையும் வச்சு அந்த ஓட்டையை மூடாதீங்க.

செந்தில்: செலவு குறையுற பக்கமும் உண்டு. ஆல்டர்னேட்டர் கிடையாது, ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது, கிளட்ச் கிடையாது. பாதி பிரேக்கை மோட்டாரே புடிக்கிறதால பேடு ரொம்ப நாள் வரும். ஆனா இன்ஜின் கூலண்ட் டப்பாவோட, பேட்டரி கரண்ட்டை மோட்டாருக்கு ஏத்தபடி மாத்துற இன்வெர்ட்டருக்குன்னு தனி கூலண்ட் டப்பாவும் இருக்கு. ரெண்டையும் பாக்கணும்.

செந்தில்: ஏசி விஷயத்துல கண்டிப்பா இருங்க. கம்ப்ரசர் உயர் வோல்ட்டேஜ்ல ஓடுது. அதுக்கு கரண்ட் கடத்தாத எஸ்டர் வகை ஆயில்தான் ஊத்தணும். கேஸ் அடிக்கிற கடையில மத்த வண்டிக்கு ஊத்துற பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலும் இன்சுலேஷன் போயி, வண்டியே 'ரெடி' ஆகாம நிக்கும். பைப்புல மிச்சம் ஒட்டியிருக்குற ஆயில் கூட ஆகாது. லீக் அடைக்கிற மருந்தும் வேண்டாம். ஏசி வேலை அந்தக் கம்பெனி சர்வீஸ்லயே இருக்கட்டும்.

ராஜி: எலி? வைக்கோல் போர் இருக்குற வீட்டுல வண்டி நிறுத்தினா ஒரு வயரும் மிஞ்சாதே.

செந்தில்: சரியான கேள்வி. வயல் அறுத்ததும் எலி வீட்டுப் பக்கம் வரும், சூடான இன்ஜின் மேல கூடு கட்டும். சாதா வண்டின்னா வயரை ஒட்டுப்போட்டு டேப் சுத்தி ஓட்டிடலாம். ஹைப்ரிட்டுல உயர் வோல்ட்டேஜ் போற ஆரஞ்சு நிற கேபிளைக் கடிச்சிருந்தா ஒட்டுப்போடவே கூடாது, முழுசா மாத்தணும். அதைத் தொடுறவங்க பெரிய பேட்டரியைத் துண்டிக்கிற சர்வீஸ் பிளக்கைக் கழட்டி, உள்ள இருக்குற கரண்ட் வடிய 10 நிமிஷம் விட்டு, 1,000 வோல்ட் தாங்குற கையுறை போட்டுத்தான் தொடணும். நம்ம தெரு எலக்ட்ரீஷியன் கை வைக்க வேண்டாம். போர் பக்கத்துல நிறுத்தாதீங்க, வாரத்துக்கு ரெண்டு தடவை பானெட்டைத் திறந்து பாருங்க. எலி கடிச்சா இன்சூரன்ஸ்ல வருமான்னு பாலிசி எடுக்கும்போதே எழுத்துல வாங்குங்க.

மீனா: அப்படியே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம கிளைம் தர்றது), இன்ஜின் பாதுகாப்பு, ஹைப்ரிட் பேட்டரி பாதுகாப்பு மூணும் கேளுங்க மாமா. ஐப்பசி, கார்த்திகையில நம்ம ரோட்டுல தண்ணி நிக்கும்.

சரவணன்: தண்ணி டயர்ல பாதிக்கு மேல இருந்தா இறக்காதீங்க. தண்ணி வண்டிக்குள்ள வந்துட்டா ஸ்டார்ட் பட்டனை அமுக்கவே கூடாது, ஆரஞ்சு கேபிளைத் தொடக்கூடாது. பேட்டரி டிக்கிக்குக் கீழ இருக்கு. கயிறு கட்டி இழுக்கவும் விடாதீங்க. முன்சக்கரம் சுத்தினா மோட்டார் கரண்ட் உண்டாக்கும். தட்டு லாரியிலதான் ஏத்தணும்.

கணேசன்: டிக்கின்னதும் ஞாபகம் வருது. அரிசி மூட்டை ஏறுமா?

சரவணன்: டிக்கி அளவு பெட்ரோல் வண்டியில 373 லிட்டர், ஹைப்ரிட்டுல 265. பின் சீட்டை மடக்கினா ஏறும். நாலு பேர், பெட்டி, மூட்டை மூணும் ஒண்ணா போகாது.

சரவணன்: சென்னைப் பயணத்துல பெருசா எதிர்பாக்காதீங்க. விக்கிரவாண்டி நாலு வழிச்சாலையில 100ல போனா பெரும்பாலும் இன்ஜின் ஓடிக்கிட்டேதான் இருக்கும். அங்க 18 பக்கம்தான் எதிர்பாக்கணும். மூணு சிலிண்டர் சத்தமும் கேக்கும். இந்த வண்டி காசைக் காப்பாத்துறது வடுவூர் ரோட்டுல பஸ்ஸுக்குப் பின்னாடி, வேகத்தடைக்கு வேகத்தடை, தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டு நெரிசல்ல. உங்க ஓட்டம் அந்த வகைதான்.

ராஜி: அப்ப கரண்ட் காரே எடுத்துடலாமே? ஜிஎஸ்டி 5 சதவீதம்தானே.

மீனா: ஆமா சித்தி, 2025 செப்டம்பர் 22லேருந்து இந்த அளவு ஹைப்ரிட்டுக்கு 40, கரண்ட் காருக்கு 5. தினம் 75 கி.மீ.க்கு வீட்டு சார்ஜே போதும். வீட்டுல ரெண்டாவது வண்டி இருந்தா நானே அதைத்தான் சொல்வேன். மாமாவுக்கு இது ஒரே வண்டி. 2018ல கஜா புயல் அடிச்சப்ப பல ஊருல வாரக்கணக்குல கரண்ட் வரல.

கணேசன்: சரி, ஹைப்ரிட்டுன்னு முடிவு. தவணையைக் குறைக்க 2 லட்சம் முன்பணம் கூட்டிப் போடுறேன். சனிக்கிழமை கொட்டேஷன் வாங்குறேன்.

செந்தில்: டெஸ்ட் டிரைவ் பைபாஸ்ல கூட்டிட்டுப் போவாங்க, ஒத்துக்காதீங்க மாமா. ஊருக்குள்ள, ஏசி போட்டு, நாலு பேர் உக்காந்து ஓட்டுங்க. மோட்டார்ல எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு ஸ்கிரீன்ல காட்டும், அதை போட்டோ எடுத்து இங்க போடுங்க.

மீனா: பெட்ரோல் கொட்டேஷனும் வேணும் மாமா. அதே வசதி இருக்குற ஆட்டோமேட்டிக் வேரியண்ட்டுக்கே கேளுங்க. இல்லன்னா கண்ணாடிக் கூரைக்குக் குடுக்குற காசையும் ஹைப்ரிட் கணக்குல எழுதிடுவோம்.