ஆறு வாரக் குழந்தையின் மலத்தில் ரத்தம்: பசும்பால் ஒவ்வாமை எங்கள் அனுபவம்

என் மகளுக்கு அப்போது ஆறு வாரம், தாய்ப்பால் மட்டும்தான். டயப்பர் மாற்றும்போது மலத்தில் சளியோடு நூல் நூலாக ரத்தம். எனக்குக் கை நடுங்கிவிட்டது. எடை ஏறிக்கொண்டுதான் இருந்தாள், ஆனால் பால் குடித்த பிறகு உடம்பை வில்லாக வளைத்து அழுவாள், கன்னமெல்லாம் சொரசொரவென்று சிவந்திருக்கும். எல்லாக் குழந்தையும் அப்படித்தான் என்று சொன்னார்கள், நானும் நம்பிவிட்டேன்.

முதலில் பார்த்த மருத்துவர் ரத்தப் பரிசோதனை எடுத்தார். ஐ.ஜி.இ. (உடனடி ஒவ்வாமையில் ரத்தத்தில் கூடும் ஒரு எதிர்ப்புப் புரதம்) அளவு சரியாக இருந்ததால் பால் ஒவ்வாமை இல்லை என்று அனுப்பிவிட்டார். ரத்தம் நிற்கவில்லை. அடுத்துப் பார்த்தவர்தான் விளக்கினார்: இந்த ஒவ்வாமையில் இரண்டு வகை உண்டு, உடனே தடிப்பும் வீக்கமும் வருவது ஒன்று, சில மணி நேரமோ சில நாளோ கழித்துக் குடலில் காட்டுவது இன்னொன்று. இரண்டாவது வகை அந்த ரத்தப் பரிசோதனையில் தெரியவே தெரியாது. நான் குடிக்கும் பசும்பாலின் புரதம் கொஞ்சம் தாய்ப்பால் வழியாக அவளுக்குப் போகிறது. ஆகவே தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம், நீங்கள் பாலை நிறுத்துங்கள் என்றார்.

பால், தயிர், வெண்ணெய், சீஸ் விட்டால் போதும் என்று நினைத்தேன். பத்து நாளாகியும் மாற்றமில்லை. அப்புறம்தான் தினமும் சாப்பிட்ட பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன், 'வே' பவுடர் என்று போட்டிருந்தது. கேசீன், வே, பால் திடப்பொருள் எல்லாமே பால்தான். அதையும் விட்டபின் இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. எனக்குக் கால்சியமும் வைட்டமின் டி-யும் மாத்திரையாகக் கொடுத்தார்கள்.

இனிமேல்தான் எனக்குக் கஷ்டமான பகுதி. நான்கு வாரம் முடிந்ததும், மறுபடி பால் குடித்துப் பாருங்கள் என்றார் மருத்துவர். குழந்தை நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்திருக்கிறாள், எதற்கு வம்பு என்று மனம் ஒப்பவே இல்லை. திரும்பக் கொடுத்துப் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது, தானாகவே சரியாகியிருக்கலாம், அப்படியென்றால் நீங்களும் குழந்தையும் வீணாக மாதக்கணக்கில் பத்தியம் இருப்பீர்கள் என்றார். குடித்தேன். மூன்றாம் நாள் அதே ரத்தக் கீற்று. அழுதேன், ஆனால் அதற்குப் பிறகு எனக்குச் சந்தேகமே வரவில்லை. இந்தப் படியைத் தயவுசெய்து யாரும் தாண்டிவிடாதீர்கள், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பதினொன்றாம் மாதத்தில், நன்றாக வெந்த, பால் கலந்த பிஸ்கட்டில் ஒரு துணுக்கில் தொடங்கிப் படிப்படியாக ஏறினோம். நீண்ட நேரம் வேகும்போது பால் புரதத்தின் வீரியம் குறைகிறதாம். ஒன்றே கால் வயதில் தயிர் சாப்பிட்டாள், ஒன்றும் ஆகவில்லை.

*

சகோதரி, உங்கள் பதிவைப் படித்தேன். எங்கள் கதை வேறு வகை, உடனே தடிப்பும் வீக்கமும் வருவது. மகனுக்கு ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஃபார்முலா பால் கொடுத்தோம். பத்து நிமிடத்துக்குள் முகமெல்லாம் தடிப்பு, உதடு வீங்கிவிட்டது, வாந்தி எடுத்துத் துவண்டுவிட்டான். தூக்கிக்கொண்டு ஓடினோம், அட்ரினலின் ஊசி போட்ட பிறகுதான் முழித்துப் பார்த்தான். இந்த வகைக் குழந்தைக்கு வீட்டில் பாலை மறுபடி கொடுத்துப் பார்க்கவே கூடாது என்று எங்களிடம் திட்டவட்டமாகச் சொன்னார்கள்.

ஆட்டுப்பால் கொடுங்கள் என்று சொல்லாதவர்கள் இல்லை. அதன் புரதமும் ஏறக்குறைய அதேதான், பசும்பால் ஒத்துக்கொள்ளாத பெரும்பாலான குழந்தைகளுக்கு அதுவும் ஆகாது. லாக்டோஸ் இல்லாத பவுடரும் உதவாது, ஏனென்றால் அதில் எடுத்தது சர்க்கரையை, புரதம் அப்படியே இருக்கிறது. புரதத்தை நுணுக்கமாக உடைத்துச் செய்த ஃபார்முலாதான் இவனுக்குச் சரிப்பட்டது.

இப்போது இரண்டரை வயது. அடுத்த மாதம் மருத்துவமனையிலேயே வைத்துச் சொட்டுச் சொட்டாகப் பால் கொடுத்துப் பார்க்கப் போகிறார்கள். போய்வந்து எழுதுகிறேன்.