1887-இல் அடிக்கல் நாட்டு விழா அழைப்புக்கு எப்படிப் பதில் எழுதியிருப்பார்கள்?

செங்காங் வாசி:
வணக்கம். சிங்கப்பூரில் எங்கள் சமூக மன்றத் தமிழ்க் குழுவுக்காக, அடுத்த தமிழ் மொழி விழாவில் போட அரை மணி நேர நாடகம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் உருவான கதை. ரயில்வே முதலாளியும் செனட்டருமான லேலண்ட் ஸ்டான்ஃபோர்டுக்கும் அவர் மனைவி ஜேனுக்கும் ஒரே பிள்ளை. அவனும் 1884 மார்ச்சில் ஃபிளாரன்ஸ் நகரில் டைஃபாய்டு வந்து இறந்துபோனான், பதினாறு வயது நிறைய இரண்டு மாதம் இருந்தது. அவன் பெயரிலேயே பல்கலைக்கழகம் கட்டினார்கள். அடிக்கல் நாட்டியது 1887 மே 14, அவன் இருந்திருந்தால் அன்றைக்கு 19.

நான் எழுதும் காட்சியில் ஜேன் அம்மையார் அழைப்புக்கு வந்த பதில்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிக்கிறார் (இது என் கற்பனைதான்). அங்கேதான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நம் பக்கம் பத்திரிகையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால் ‘கண்டிப்பா வந்துடுறோம்’ என்று சொல்வார்கள், இப்போதென்றால் வாட்ஸ்அப்பில் கைகூப்பும் படம், அதோடு சரி. அந்தக் காலத்து அமெரிக்கர்கள் என்ன எழுதியிருப்பார்கள்? கடிதங்களுக்குக் கறுப்புக் கரை, இறகுப் பேனா, அரக்கு முத்திரை எல்லாம் வைக்கலாம் என்று இருக்கிறேன். டெலிபோன் வந்துவிட்ட காலம்தானே, பேசியே சொல்லியிருக்க மாட்டார்களா என்று நடிக்கிற தம்பி ஒருவர் வேறு கேட்கிறார்.

பழைய காகிதம்:
முறையான அழைப்பு அப்போது படர்க்கையில்தான் அச்சாகும், பதிலும் படர்க்கையில்தான் போக வேண்டும். ‘திரு., திருமதி இன்னார், செனட்டர் ஸ்டான்ஃபோர்டு தம்பதியரின் அன்பான அழைப்பை மகிழ்வுடன் ஏற்கின்றனர்’, இவ்வளவுதான். ‘நான்’ வரக்கூடாது, அடியில் கையெழுத்தும் கிடையாது, ஏனென்றால் பெயர் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது. வருகிறவர் நாளையும் நேரத்தையும் தம் கையால் திருப்பி எழுதுவார், சரியாகப் படித்துக்கொண்டார் என்று அழைத்தவருக்குத் தெரியும். வர முடியாதவர் ‘ஏற்கெனவே ஒப்புக்கொண்ட அலுவல் காரணமாக இயலாமைக்கு வருந்துகிறார்’ என்று முடித்துவிடுவார், என்ன அலுவல் என்று யாரும் கேட்க மாட்டார்கள். நமக்கு இது கொஞ்சம் விறைப்பாகத்தான் படும். மேடையில் அந்த விறைப்பு நன்றாக எடுபடும், குழைத்துவிடாதீர்கள்.

கறுப்புக் கரை வேண்டாம். துக்கம் யார் வீட்டிலோ அவர்கள்தான் அந்தக் காகிதத்தில் எழுதுவார்கள், நாளாக ஆகக் கரையின் அகலமும் குறையும். ஜேன் எழுதுகிற கடிதம் என்றால் யோசிக்கலாம், அவருக்கு வருகிறவற்றில் போட்டால் ஊரே துக்கத்தில் இருப்பதாக ஆகிவிடும்.

மீனாள்:
சேர்த்து ஒன்று சொல்கிறேன். வருகிறேன் என்பவர்கள் ஒரு வரியில் முடிப்பார்கள், உங்களுக்கு நாடகம் கிடைப்பது வர முடியாதவர்களிடம்தான். பெரிய மனிதர்களின் ‘வர இயலவில்லை’ கடிதங்களை அக்காலப் பொது விழாக்களில் கூட்டத்தில் வாசிப்பார்கள், பத்திரிகையிலும் போடுவார்கள். அது தெரிந்தே அவர்களும் எழுதுவார்கள், அங்கே படர்க்கை விதியெல்லாம் பறந்துவிடும். 1863-இல் லிங்கன் தம் சொந்த ஊரான ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த கூட்டத்துக்குப் போக முடியாமல், நண்பர் கான்க்ளிங்குக்கு நீண்ட கடிதம் அனுப்பினார், நிதானமாக வாசிக்கச் சொல்லிக் குறிப்பும் வைத்தார். முன்னாள் அதிபர் ஜெஃபர்சன் கதை இன்னும் உருக்கம். வர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்கு 1817-இல் அடிக்கல் நாட்டியபோது அவர், இன்னொரு முன்னாள் அதிபர் மேடிசன், அப்போதைய அதிபர் மன்ரோ மூவருமே நேரில் நின்றார்கள். ஆனால் 1826-இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு வாஷிங்டனிலிருந்து அழைப்பு வந்தபோது உடம்பு இடம் கொடுக்கவில்லை, வர முடியாது என்று ஜூன் 24-ஆம் தேதி எழுதினார். விழா நாளான ஜூலை 4 அன்றே இறந்துபோனார். அக்கா என்கிற உரிமையில் சொல்கிறேன் தம்பி, வர மறுக்கும் கடிதத்தை யாராவது ஒரு தாய் எழுதுவதாக வையுங்கள், அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர். கறுப்புக் கரையை அந்த ஒன்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ஜூரோங் சேது:
எல்லாம் சரி, நம் ஊர்க் கதைக்கு என்ன குறைச்சல்? நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1823 ஜூன் 5-ஆம் தேதி சிங்கப்பூர் இன்ஸ்டிடியூஷன் பள்ளிக்கு அடிக்கல் நாட்டிவிட்டு 9-ஆம் தேதி கப்பலேறினார், திரும்பி வரவே இல்லை. அதை எழுதினால் பார்க்கிறவர்களுக்கும் இடம் தெரியும். அமெரிக்காவுக்குப் போயே ஆக வேண்டுமென்றால், அதே 1887 ஜூன் 27 அன்று இங்கே பாடாங் திடலில் ராஃபிள்ஸ் சிலையைத் திறந்தார்கள், ‘சிங்கை நேசன்’ தமிழ்ப் பத்திரிகையின் முதல் இதழும் அன்றைக்குத்தான். கட்டியங்காரன் வாயில் அதைப் போடுங்கள், கூட்டம் நிமிர்ந்து உட்காரும்.

தபால்தலைப் பெரியவர்:
டெலிபோன் கேள்விக்கு: அமெரிக்காவில் இக்கரையிலிருந்து அக்கரைக்குப் பேச 1915 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தந்தி 1861-லேயே வந்துவிட்டது, ஆனால் சொல்லுக்குக் காசு என்பதால் நறுக்கென்று இருக்கும், கடைசி நேரப் பதிலுக்குப் பொருந்தும். கடிதம் ரயிலில் கிழக்கிலிருந்து வர ஏறக்குறைய ஒரு வாரம். அந்தப் பாதையின் மேற்குப் பகுதியைப் போட்டதே ஸ்டான்ஃபோர்டின் கம்பெனி, 1869-இல் இரு பக்கத் தண்டவாளமும் சந்தித்த பிராமன்டரியில் தங்க ஆணி அடித்தவரும் அவரே. ஆக, அவர் மகனுக்கான கடிதங்கள் அவர் போட்ட தண்டவாளத்திலேயே வந்து சேர்ந்தன. இதை ஒரு வசனமாக வைக்காமல் விட்டால் எனக்கு வருத்தம்தான்.

தபால்தலை: 2 சென்ட், வாஷிங்டன் முகம், செம்பழுப்பு நிறம். அதே வருஷம் செப்டம்பரில்தான் பச்சையாக மாறியது, இணையத்தில் பச்சை கிடைக்கிறதே என்று ஒட்டிவிடாதீர்கள். அரக்கைத் தூக்கிப் போடுங்கள், பசை தடவிய உறை வந்தாயிற்று. இறகும் வேண்டாம், எஃகு நிப் போதும். டைப் அடித்த பதிலும் ஆகாது, மெஷின் இருந்தாலும் இதற்குக் கையால்தான் எழுதுவார்கள்.

செங்காங் வாசி:
எல்லோருக்கும் நன்றி. மீனாள் அக்கா, அந்தத் தாய் கடிதம் நேற்றிரவே வந்துவிட்டது, படர்க்கையில் தொடங்கி மூன்றாவது வரியில் ‘நான்’ என்று தடம் மாறுகிறது. சேது அண்ணே, ராஃபிள்ஸ் அடுத்த வருஷம் பார்க்கலாம், சிலைத் திறப்பைக் கட்டியங்காரனுக்குக் கொடுத்துவிட்டேன். ஐயா, தண்டவாள வசனம் செனட்டருக்கே. எஃகு நிப் பேனா எங்கே கிடைக்கும்?

தபால்தலைப் பெரியவர்:
என்னிடம் இரண்டு இருக்கின்றன. சனிக்கிழமை காலை தேக்கா ஈரச்சந்தைக்கு வருவேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். மை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.