இலங்கைக் கழகங்களின் உதைபந்தாட்ட எப்.ஏ கிண்ணம்: இன்னும் மனதில் கிடந்து உறுத்தும் ஆட்டம் உங்களுக்கும் இருக்கும், எழுதுங்கள்

மூலைக்கொடி எழுதியது:

யாழ்ப்பாணத்துத் துரையப்பா அரங்கை 2016 யூனில் புதுப்பித்துத் திறந்தார்களே, அதற்குப் பிறகு வந்த ஒரு பருவம். எந்தச் சுற்று, எந்தக் கழகம் என்று எழுத மாட்டேன். அன்றைக்கு அங்கே நின்றவர்களுக்குத் தெரியும். அன்றைக்கு எங்கள் கடைசி உதையை அடித்த பெடியன் இப்போதும் விளையாடுகிறான், அவனை இதற்குள் இழுக்க வேண்டாம். எதிரே முப்படைகளில் ஒன்றின் அணி. அவர்களுக்கு உதைபந்தாட்டமே வேலை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் விடிய வலை இழுத்துவிட்டு வந்தவர்கள். ஆனாலும் தொண்ணூறு நிமிடமும் ஒன்றுக்கு ஒன்று என்று பிடித்து வைத்தார்கள். மேலதிக நேரம் கிடையாது, நேரே சமநிலை தவிர்ப்பு உதை, பக்கத்துக்கு ஐந்து பெனால்ட்டி.

அவர்களுடைய ஐந்தாவது உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. நாலுக்கு நாலு. எங்கள் ஐந்தாவது உள்ளே போனால் கதை முடிந்தது. நான் கோல் வலைக்குப் பின்னால் நின்றேன், எல்லாம் நேராகத் தெரிந்தது. பெடியன் ஓடி வந்தான். இடது கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றியாயிற்று. வலது கால் வீச்சாக வந்து, பந்துக்கு ஒரு சாண் பின்னால் அப்படியே நின்றது. கீப்பர் அதற்குள் தன் வலப்பக்கம் பாய்ந்துவிட்டார். இவன் அவர் விழுந்து முடியும் மட்டும் பார்த்துவிட்டு, மற்றப் பக்கம் மெதுவாகத் தட்டி விட்டான்.

சனம் உள்ளே பாய்ந்தது. பெடியன் சட்டையைத் தலைக்கு மேலே இழுத்து முகத்தை மூடிக்கொண்டு ஓடினான், அவன் மேல் பத்துப் பேர் விழுந்தார்கள். மத்தியஸ்தர் நடந்து வந்தார். ஓடவில்லை, நடந்துதான் வந்தார். மஞ்சள் அட்டையை உயர்த்திப் பிடித்தபடி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றார். ஒவ்வொருவராக எழும்பி அட்டையைப் பார்த்து அடங்கினார்கள். கடைசியாகத்தான் அவன் முகத்தைச் சட்டைக்குள்ளிருந்து வெளியே எடுத்தான். அதுவரைக்கும் அந்த மனிதர் கையை இறக்கவேயில்லை.

கோல் இல்லை, உதை தவறியதாகக் கணக்கு. அடுத்த சோடி உதையில் தோற்றோம்.

தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. சட்டம் உண்மையில் அப்படித்தானா? நெய்மார் பிரேசில் கழகமான சன்ரோஸில் விளையாடிய காலத்தில் இப்படி அடித்ததை உலகமே பார்த்தது. ஓடி வரும்போது வேகத்தைக் குறைக்கலாம் என்றால் காலை மட்டும் நிறுத்தக் கூடாதா? இங்கே மத்தியஸ்தம் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.


கரையூர்க் காற்று எழுதியது:

அண்ணை, சட்டம் தெரிந்தவர்கள் உங்களுக்குப் பதில் எழுதட்டும். நான் கொழும்பு போன கதையை எழுதுகிறேன்.

வைகாசி மாதம். இங்கே தரை வெடித்துக் கிடக்கிறது, அங்கே கொட்டு கொட்டென்று கொட்டுகிறது மழை. எங்களுக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். அட்டவணை போடுகிறவர்களுக்கு இது எங்கே விளங்கப் போகிறது? இரவு பஸ்ஸில் ஏறி, புத்தளம் தாண்டும் வரைக்கும் கண் மூடாமல், விடியப் புறக்கோட்டையில் இறங்கி, தோசையும் பிளேன்ரீயும். பின்னேரம் சிட்டி லீக் மைதானம். எங்கள் சப்பாத்து எல்லாம் காய்ந்த தரைக்கு வாங்கியவை, அடியில் இருக்கிற முளை, அதுதான் ஸ்டட், கட்டை. திரும்பினால் வழுக்கல், நின்றால் வழுக்கல். நான் பின்வரிசை. முதல் கோலுக்கு நான் இருந்தபடியே சறுக்கிப் போனதை எங்கள் பெடியளே பார்த்துச் சிரித்தார்கள்.

இடைவேளையில் அவர்களுடைய கழகத்தில் சாமான் பார்க்கிற ஒரு வயதானவர் ஒரு சாக்குப் பையோடு எங்கள் பக்கம் வந்தார். நல்ல தமிழ். "தம்பிமாரே, இந்தக் காலோட எப்படி நிப்பீங்க?" என்றார். பைக்குள் நீளத் திருகு ஸ்டட் போட்ட பழைய சப்பாத்துகள். எனக்கு முன்னால் குந்தி இருந்து, என் இடது சப்பாத்தைக் கழற்றி, ஒரு சோடியை என் பாதத்தோடு வைத்து அளந்தார். சரியாக என் அளவு. சாவியால் ஒவ்வொரு ஸ்டட்டாக இறுக்கிக்கொண்டிருக்கிறார், எங்கள் பயிற்றுநர் வந்து "வேண்டாம் ஐயா, எங்களிட்டை இருக்கு" என்றார்.

எங்களிடம் எங்கே இருந்தது!

அவர் ஒன்றும் பேசவில்லை. இறுக்கிய ஸ்டட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, பையில் போட்டுக்கொண்டு போனார். நாலுக்குப் பூச்சியம். நாலாவது கோலும் நான் சறுக்கியதால்தான். பயிற்றுநர் மேல் மரியாதை உண்டு, ஆனால் இதை மட்டும் அவரிடம் இன்றைக்கு வரைக்கும் கேட்க முடியவில்லை.


லண்டன் குளிர் எழுதியது:

சப்பாத்தாவது பரவாயில்லை. நாங்கள் பந்தே இல்லாமல் போனோம். யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு. ஓமந்தைச் சோதனைச் சாவடியில் எல்லாச் சாமானையும் இறக்கிப் பிரித்துப் பார்த்தார்கள். முன்னங்காலில் கட்டுகிற சின்கார்ட் என்ன, எதற்கு என்று ஒரே விசாரணை. பந்துகளைக் கையில் எடுத்து அமத்திப் பார்த்தார்கள், குலுக்கிப் பார்த்தார்கள், கடைசியில் காற்றைத் திறந்து விடச் சொன்னார்கள். வலைப்பைக்குள் ஆறு பந்தும் சப்பளிந்து கிடந்த கிடையைப் பார்க்க வேண்டும். பம்பும் ஊசியும் எடுத்துப் போக ஒருத்தருக்கும் தோன்றவில்லை. கொழும்பில் போய் எதிரணியிடம் பந்து கேட்டு வாங்கித்தான் உடம்பைச் சூடாக்கினோம். அவர்கள் தந்ததும் புதுப் பந்து. அதுதான் கூடக் கூச்சமாக இருந்தது.


பழைய பதினொன்று எழுதியது:

லண்டன் தம்பி, நீங்கள் போனது நட்பு ஆட்டத்துக்கு. எப்.ஏ கிண்ணம் இல்லை. தலைப்பைப் பார்த்து எழுதுங்கள்.

கரையூர்க்காரர் தம் பயிற்றுநரைக் குறை சொல்வதையும் என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. எதிரணி தருகிற சப்பாத்தைப் போட்டுக்கொண்டு இறங்கி, அதிலே கணுக்கால் திரும்பினால் யார் பொறுப்பு? பழகாத சப்பாத்தை ஆட்டத்தின் நடுவில் மாற்றினால் குதிக்கால் உரிந்து பத்து நிமிடத்தில் நொண்டுவீர்கள். மழைக் காலத்தில் தெற்கே போகிற அணி இரண்டு சோடி கொண்டு போக வேண்டும். பழைய கடதாசியைச் சப்பாத்துக்குள் திணித்துக் காய வைக்க வேண்டும். முதல் நாளே போய்த் தரையில் நடந்து பார்க்க வேண்டும். அதற்குக் காசு இல்லை என்பீர்கள். ஊர்த் திருவிழாவுக்கு வெடி கொளுத்தக் காசு இருக்கிறது.

இன்னொன்று. 1948இல் தொடங்கிய கிண்ணம் இது. கொழும்பின் சோண்டர்ஸ் கழகம்தான் கூடுதலான தடவை எடுத்தது, பிறகும் பெரும்பாலும் கொழும்புக் கழகங்களும் படை அணிகளும். யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி என்று எங்களுக்கு லீக் தனித்தனி. ஒவ்வொரு லீக்கிலும் தட்டித் தடவி மேலே வருகிற அணி, அங்கே முதல் பெரிய ஆட்டத்திலேயே விழுந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புகிறது. சரி, அதிலிருந்து பழகலாம் என்றால் ஒரு பருவம் ஒழுங்காக நடக்கிறது, அடுத்தது நடக்குமா என்றே தெரியாது. இலங்கை உதைபந்தாட்டச் சம்மேளனத்துக்குள் அடிபட்டுக்கொண்டு 2023 சனவரியில் உலக அமைப்பான பிஃபாவிடம் தடை வாங்கி, ஓகஸ்ட் கடைசியில்தான் அது நீங்கியது. இருபத்தொரு வயதுப் பெடியனுக்கு ஏழு மாதம் என்றால் எவ்வளவு என்று அந்தக் கதிரைகளில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

என் அனுபவமா? ஒரு தடவை பெயர்ப் பட்டியலில் என் பிறந்த திகதி பிழையாகப் போய், போட்டி ஆணையாளர் என்னை இறங்க விடவில்லை. வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். வென்றார்கள். அவ்வளவுதான்.


கறுப்புச் சட்டை எழுதியது:

மூலைக்கொடிக்குப் பதில். அந்த ஆட்டத்தில் நான் இல்லை, ஆனால் விசில் பிடித்த கை இது. உங்கள் மத்தியஸ்தர் சரி.

ஓடி வரும்போது வேகத்தைக் குறைக்கலாம், தாளம் மாற்றலாம், நடுவில் நின்றுகூட மறுபடி ஓடலாம். அதெல்லாம் ஏமாற்று என்றாலும் அனுமதி உண்டு. ஓட்டம் முடிந்து, ஊன்றுகால் பந்துக்குப் பக்கத்தில் வந்த பிறகு அடிப்பது போலக் காட்டி நிறுத்துவதுதான் குற்றம். நெய்மார் கதையைச் சொல்கிறீர்கள், அந்தப் பிரேசில் தந்திரம் எல்லை மீறிப் போனபடியால்தான் 2010இல் அதைத் தடுத்தார்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: "இடது கால் ஊன்றியாயிற்று" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆட்ட நேரத்தில் கொடுக்கிற பெனால்ட்டி என்றால், 2016 வரைக்கும் பந்து உள்ளே போனால் மறுபடி அடிக்க விட்டார்கள். இப்போது மஞ்சள் அட்டையும், எதிரணிக்கு மறைமுக உதையும், அதாவது நேரே கோல் அடிக்க முடியாத உதை. சமநிலை தவிர்ப்பு உதையில் இன்னும் கடுமை: அட்டையும் உண்டு, உதையும் தவறியதாகவே எழுதப்படும். திரும்ப அடிக்கக் கிடையாது.

இனி ஒருவர் வந்து "கீப்பரும்தானே கோட்டை விட்டு முன்னுக்கு வந்தார்" என்பார். வழக்கமாக வருகிற கேள்வி. 2019இலிருந்து, அடிக்கும் கணத்தில் கீப்பரின் ஒரு காலாவது கோட்டின் மேல் அல்லது கோட்டுக்கு நேரே இருந்தால் போதும். அவரும் பிழை, அடிக்கிறவரும் பிழை, இரண்டும் ஒரே நேரத்தில் என்றாலும் அடித்தவர்தான் அட்டை வாங்குவார், உதையும் தவறியதுதான். இது பயிற்றுநர்கள் பலருக்கே தெரியாது.

இளம் வீரர்களுக்கு ஒரு வார்த்தை. பெனால்ட்டியை ஆட்டத்தன்று புதிதாகக் கண்டுபிடிக்காதீர்கள். பயிற்சி முடிந்து கால் அலுத்த பிறகு தினமும் அடித்துப் பழகுங்கள், ஏனென்றால் தொண்ணூறாவது நிமிடத்தில் இருக்கப் போவது அந்தக் கால்தான். மூலையை ஓடத் தொடங்க முதல் தீர்மானியுங்கள். கீப்பரைப் பார்த்து மாற்றாதீர்கள். பந்தை நீங்களே வைத்து, காற்று வால்வை ஒரு பக்கம் திருப்பி, மத்தியஸ்தரின் விசிலுக்குப் பிறகு ஒரு மூச்சு விட்டுத்தான் கிளம்புங்கள். முக்கியமாக, கோல் அடித்துச் சட்டையைத் தலைக்கு மேலே இழுத்தாலே அதற்குத் தனி மஞ்சள் அட்டை உண்டு. அன்றைக்கு அந்தப் பெடியனுக்கு அதையும் கொடுத்திருந்தால் இரண்டு மஞ்சள் ஆகிச் சிவப்பு. மத்தியஸ்தர் பெருந்தன்மையோடு விட்டிருக்கிறார்.

என் கதை சின்னது. ஒரு கிண்ண ஆட்டத்தில் இதே தீர்ப்பை நான் கொடுத்து, வெளியே வந்து பார்த்தால் என் சைக்கிள் இரண்டு சில்லிலும் காற்று இல்லை. வீடு வரைக்கும் உருட்டிக்கொண்டு போனேன்.


மூலைக்கொடி எழுதியது:

நன்றி ஐயா. சட்டம் விளங்கியது. ஆனால் பெருந்தன்மை என்பதை ஏற்க மாட்டேன். அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் கை தூக்கியபடி நின்றதற்குப் பதிலாக, பந்து உள்ளே போன உடனேயே கையை அசைத்து இல்லை என்று காட்டியிருக்கலாம். பெடியன் ஓட முதலே தெரிந்திருக்கும். நடந்து வரும் நேரத்துக்குள் அவன் வென்றுவிட்டான், பிறகு தோற்றான். ஒரு நிமிடத்துக்குள் ஒரு பிள்ளைக்கு இரண்டையும் கொடுக்கத் தேவையில்லை.

சைக்கிளுக்குக் காற்றுத் திறந்தவர்கள் எங்கள் ஊர் இல்லை என்று நம்புகிறேன்.


தெல்லிப்பளைக்காரி எழுதியது:

எல்லாரும் அண்ணைமாராகவே எழுதுகிறீர்கள், நானும் ஒன்று எழுதுகிறேன். எங்கள் மகாஜனக் கல்லூரியின் பெண்கள் உதைபந்தாட்ட அணி அகில இலங்கை மட்டத்தில் கிண்ணங்கள் எடுத்தது ஊருக்கே தெரியும். நானும் பள்ளிக்காலத்தில் நடுக்களத்தில் ஓடியவள். ஆனால் இந்த எப்.ஏ கிண்ணத்தில் எனக்குக் கிடைத்த இடம் பார்வையாளர் படிக்கட்டு மட்டும்தான்.

துரையப்பா அரங்கில் ஒரு சுற்று. மூலைக்குக் கிட்டே ஒரு த்ரோ, பக்கக் கோட்டிலிருந்து பந்தைக் கையால் எறிவது. எங்கள் முன்வரிசைக்காரர் எல்லாப் பின்வரிசையையும் தாண்டித் தனியே நின்றார், பந்து அவருக்கு நேரே வந்தது. எனக்கு முன்னால் இருந்த பெரியவர் "ஓப் சைட்! ஓப் சைட்!" என்று எழும்பிக் கத்தினார். "த்ரோவுக்கு ஓப் சைட் இல்லை ஐயா" என்றேன். திரும்பிப் பார்த்தார். "தங்கச்சி, ஓப் சைட் எண்டா என்னெண்டு முதல்ல தெரியுமோ?"

நான் வாய் திறக்க முதலே கையிலிருந்த கச்சான் சுருளைக் கொட்டி, படியில் பரப்பத் தொடங்கினார். உடைத்த கச்சான் எங்கள் அணி, உடைக்காதது எதிரணி. "இது கீப்பர். இது கடைசிப் பின்வரிசை. இப்ப பாருங்கோ, இவன் இஞ்சை நிக்கிறான்." பெரிய கோதுக் கச்சான் ஒன்றைப் பந்தாக்கி உருட்டினார். அவர் கச்சானை நகர்த்திக்கொண்டிருந்த நேரத்தில் மைதானத்தில் கோல் விழுந்தது. அரங்கு முழுக்க எழும்பி நின்று கத்துகிறது, அவர் மட்டும் குனிந்து கச்சானைப் பார்க்கிறார். கொடி உயரவில்லை. கோல்தான். நிமிர்ந்து என்ன நடந்தது என்று என்னிடமே கேட்டார். சொன்னேன். "மத்தியஸ்தர் விட்டிட்டார்" என்றுவிட்டு எதிரணியை முழுதாக உடைத்துச் சாப்பிட்டு முடித்தார்.


கறுப்புச் சட்டை எழுதியது:

தங்கை, நல்ல அனுபவம். இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம் தேவை. ஓப் சைட் என்பது, பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முதல் ஆளையும் தாண்டி கோல் பக்கம் நிற்பது. அது சக வீரர் பந்தை விளையாடும் கணத்தில் பார்க்கப்படுவது, பந்து போய்ச் சேரும் கணத்தில் இல்லை. தன் பாதி மைதானத்தில் நிற்பவருக்கு அது கிடையாது. கை, அக்குளுக்குக் கீழே, கணக்கில் வராது. மூன்று சந்தர்ப்பங்களில் நேரடியாகப் பந்து வாங்கினால் ஓப் சைட்டே இல்லை: கோல் உதை, மூலை உதை, மூன்றாவது த்ரோ. நீங்கள் சொன்ன சம்பவம் இந்த மூன்றாவது வகைக்குள் வருகிறது. ஆகவே மத்தியஸ்தர் கோல் கொடுத்தது சரியானதே. இனிமேல் ஆட்டம் பார்க்கப் போகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.


தெல்லிப்பளைக்காரி எழுதியது:

அண்ணை, உங்களிட்டையும் கச்சான் இருக்கோ?